இயங்குதளத்தின் அடிப்படைகளைக் கற்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் இதை ஒரு தாளாக எழுத வேண்டியவர்களும், வேலைக்குச் சேர்ந்த பிறகு சர்வர் ஏன் திணறுகிறது என்று புரியாமல் பழைய பாடத்தைத் தேடி வருபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கட்டளைகளின் பெயர்களைத் தமிழ் ஒலிப்பில் தந்துள்ளேன். கணினியில் அடிக்கும்போது அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடிக்க வேண்டும். ‘செயலி’ என்ற சொல் சிலருக்கு ஆப் என்றும் சிலருக்கு பிராசசர் என்றும் பொருள்படுவதால், அதைத் தவிர்த்து சிபியு என்றே எழுதுகிறேன்.

இயங்குதளம், இயக்க அமைப்பு, பணிசெயல் முறைமை ஆகியவை வேறு வேறா?

மூன்றும் ஒன்றுதான். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘இயக்க அமைப்பு’ என்றும், இலங்கைப் பாடநூல்களில் ‘பணிசெயல் முறைமை’ என்றும், பொதுவான எழுத்தில் ‘இயங்குதளம்’ என்றும் வழங்குகிறது. சொல்லைப் பற்றிய விவாதத்தில் நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை.

இயங்குதளம் உண்மையில் என்ன செய்கிறது?

‘பயனருக்கும் வன்பொருளுக்கும் இடையிலான பாலம்’ என்று தேர்வில் எழுதுகிறோம். அது தவறில்லை, ஆனால் அதிலிருந்து எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. விசைப்பலகையும்கூடப் பயனருக்கும் வன்பொருளுக்கும் இடையில்தான் இருக்கிறது. அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்ப்பதே புரிந்துகொள்ள எளிய வழி.

இயங்குதளம் இல்லாத கணினியில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு நிரலும் விசைப்பலகையிலிருந்து வரும் குறியீட்டைத் தானே படிக்க வேண்டும், வட்டின் எந்தத் துண்டில் எந்தத் தரவு இருக்கிறது என்பதைத் தானே நினைவில் வைத்திருக்க வேண்டும், திரையின் புள்ளிகளைத் தானே ஏற்றி இறக்க வேண்டும். இரண்டாவதாக ஒரு நிரலை ஓட்ட நினைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். முதல் நிரல் நினைவகத்தில் எழுதி வைத்ததை இரண்டாவது அழித்துவிடும். முதல் நிரல் முடிவில்லாச் சுழற்சியில் மாட்டிக்கொண்டால் இரண்டாவதற்கு முறையே வராது.

இந்த இரு சிக்கல்களையும் தீர்ப்பதுதான் இயங்குதளத்தின் வேலை: வன்பொருளின் கரடுமுரடுகளை மறைப்பது, இருப்பதைப் பலருக்குப் பங்கிடுவது. அதன் விளைவாக ஒவ்வொரு நிரலும் சிபியு முழுவதும் தனக்கே சொந்தம், நினைவகம் முழுவதும் தனக்கே சொந்தம், வட்டில் இருப்பவை எல்லாம் ஒழுங்காகப் பெயரிடப்பட்ட கோப்புகள் என்று நம்பிக்கொண்டு ஓடுகிறது. மூன்று நம்பிக்கைகளும் பொய். அந்தப் பொய்களைக் கலையாமல் காப்பாற்ற கணினி என்ன பாடுபடுகிறது என்பதுதான் இந்தப் பாடம் முழுவதும்.

கெர்னலும் இயங்குதளமும் ஒன்றா?

இல்லை. சிபியுவுக்கு இரண்டு நிலைகள் உண்டு. பயனர் நிலையில் ஓடும் நிரல் கணக்குப் போடலாம், தனக்கு ஒதுக்கப்பட்ட நினைவகத்தைப் படிக்கலாம், எழுதலாம்; வன்பொருளைத் தொட முடியாது. கெர்னல் நிலையில் ஓடும் நிரல் எதையும் செய்யலாம். அந்த இரண்டாம் நிலையில் ஓடும் பகுதிதான் கெர்னல். கோப்புகளைக் காட்டும் சாளரம், டெர்மினல், அமைப்புகள் திரை போன்றவை இயங்குதளத்தோடு வந்தாலும் சாதாரண நிரல்களைப் போலப் பயனர் நிலையில்தான் ஓடுகின்றன.

ஒரு நிரலுக்குக் கெர்னலிடமிருந்து ஏதாவது வேண்டுமென்றால் அது சிஸ்டம் கால் என்ற கதவைத் தட்ட வேண்டும். கற்பவர்கள் நிற்க வேண்டிய இடம் இந்தக் கதவுதான் என்பது என் கருத்து. பாடத்தை வரலாற்றிலிருந்தோ வகைப்பாட்டிலிருந்தோ தொடங்காமல் இங்கிருந்து தொடங்கினால், பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்), நினைவகம், கோப்பு ஆகிய மூன்றும் தனித்தனி அத்தியாயங்களாக இல்லாமல் ஒரே வாசலின் வழியாகப் போய்வரும் மூன்று விதமான கோரிக்கைகளாகத் தெரியும்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். சி மொழியில் ‘வணக்கம்’ என்று அச்சிடும் ஒரு சிறு நிரலை எழுதி, தொகுத்து (கம்பைல் செய்து), ஒரு நிரல் செய்யும் சிஸ்டம் கால்களை வரிசையாகக் காட்டும் எஸ்ட்ரேஸ் என்ற லினக்ஸ் கட்டளையின் கீழ் ஓட்டுங்கள். நீங்கள் எழுதியது ஐந்து வரி. திரையில் ஓடுவதோ அதைப்போல் பல மடங்கு. முதலில் நிரலை ஓடத் தொடங்கும் எக்ஸெக்வி, பிறகு சி நூலகத்தைத் திறக்கும் ஓபன்அட், அதை நினைவகத்தில் பொருத்தும் எம்மேப் என்று வரிசையாக வந்து, கடைசிக்கு அருகில் ரைட் என்றொரு வரி நிற்கும். அதன் முதல் எண் 1. ‘திரைக்கு அனுப்பு’ என்று பொருள். அடுத்து ‘வணக்கம்’ இருக்க வேண்டிய இடத்தில் 340, 256, 265 என்று எண்கள் வரிசையாக இருக்கும். அவை ‘வ’ என்ற எழுத்தின் மூன்று பைட்டுகள், எட்டடிமான எண்களில். கடைசியில் 22 என்ற எண். வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி என்று ஏழு குறியீடுகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு வீதம் 21. வரி முடிவுக்கு ஒன்று. கெர்னலுக்குத் தமிழும் தெரியாது, எழுத்தும் தெரியாது. இந்த 22 பைட்டுகளை அந்த இடத்துக்கு அனுப்பு என்பது மட்டுமே அதற்குப் புரியும்.

கெர்னல் நிலைக்கு எவ்வளவு அதிகாரமோ அவ்வளவு ஆபத்தும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான புதுப்பிப்பு ஒன்றால், மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையுடன் நின்றுபோயின. அந்த மென்பொருளின் ஒரு பகுதி கெர்னல் நிலையில் ஓடியதே காரணம். அதே பிழை பயனர் நிலையில் நேர்ந்திருந்தால் அந்த ஒரு நிரல் மட்டும் மூடப்பட்டிருக்கும். விமான நிலையங்களில் கைப்பட எழுதிய பயணச்சீட்டுகளை வழங்க வேண்டி வந்திருக்காது.

தொடங்குவதற்கு முன் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

சி மொழி தெரிந்திருக்க வேண்டும், அதிலும் பாயிண்டர்கள். பாயிண்டரைக் கண்டு பயப்படுபவர்கள் இந்தப் பாடத்தில் பாதி வழியில் நின்றுவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இரும எண், பதினறும எண் இரண்டிலும் கூச்சம் போயிருக்க வேண்டும். சிபியுவில் ரிஜிஸ்டர்கள் என்று சில இருக்கின்றன, அவற்றில் ஒன்று அடுத்து ஓட வேண்டிய கட்டளையின் முகவரியை வைத்திருக்கிறது என்ற அளவுக்கு வன்பொருள் அறிவு போதும். பைத்தான் மட்டும் தெரிந்தவர்கள் கருத்துகளைப் புரிந்துகொள்ள முடியும். கெர்னலின் மூலநிரலைத் திறக்கும்போதுதான் சிரமப்படுவார்கள்.

விண்டோஸில் கற்க முடியாதா? புதுக் கணினி வேண்டுமா?

கருத்துகள் எல்லா இயங்குதளங்களுக்கும் பொதுவானவை. ஆனால் லினக்ஸில் உள்ளே எட்டிப் பார்ப்பது எளிது, மூலநிரலும் கையில் இருக்கிறது. விண்டோஸுக்குள்ளேயே டபிள்யூஎஸ்எல் என்ற வசதியின் வழியாகவோ மெய்நிகர் கணினியிலோ லினக்ஸை ஓட்டலாம். பழைய மடிக்கணினியே தாராளம். தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அது வீட்டில் ஒரு மூலையில் கிடந்தால் தூசி தட்டி எடுங்கள். இந்தப் பாடத்துக்கு அதுவே போதும்.

நிரலுக்கும் பிராசஸுக்கும் என்ன வேறுபாடு?

வட்டில் கிடப்பது நிரல், ஓடிக்கொண்டிருப்பது பிராசஸ். ஒரே நிரலை மூன்று டெர்மினல்களில் ஓட்டினால் மூன்று பிராசஸ்கள், ஒவ்வொன்றுக்கும் தனி எண், தனி நினைவகம், தனித் திறந்த கோப்புகள்.

லினக்ஸ் போன்ற, யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் புதிய பிராசஸை உருவாக்கும் சிஸ்டம் கால் ஃபோர்க். அதை அழைத்த பிராசஸ் அப்படியே இரண்டாகிறது. ஒரு முறை அழைத்தால் இரண்டு முறை திரும்பி வரும் ஒரே அழைப்பு என்பதால் புதிதாகக் கற்பவர்கள் இங்கே தடுமாறுவது இயல்பு: தாய்ப் பிராசஸுக்குப் பிள்ளையின் எண் கிடைக்கிறது, பிள்ளைக்கு 0 கிடைக்கிறது. மூன்று ஃபோர்க் அடுத்தடுத்து எழுதினால் மொத்தம் எத்தனை பிராசஸ் என்பது தேர்வுகளிலும் நேர்காணல்களிலும் தேய்ந்துபோன கேள்வி, விடை 8.

அதைவிடச் சுவையான சோதனை ஒன்று உண்டு. பிரிண்ட்எஃப் மூலம் ‘அ’ என்று வரி முடிவுக் குறியில்லாமல் அச்சிட்டுவிட்டு, உடனே ஒரு முறை ஃபோர்க் செய்து, இரு பிராசஸ்களையும் இயல்பாக முடியவிடுங்கள். அச்சிடும் கட்டளை ஃபோர்க்குக்கு முன்பு ஒரே ஒரு முறைதான் ஓடியது. திரையிலோ ‘அஅ’ என்று இரண்டு முறை வரும். பிரிண்ட்எஃப் எழுத்தை உடனே கெர்னலிடம் தருவதில்லை. பிராசஸின் சொந்த நினைவகத்தில் ஓர் இடைத்தேக்கத்தில் சேர்த்து வைக்கிறது. ஃபோர்க் அந்தத் தேக்கத்தையும் சேர்த்தே நகலெடுத்ததால், முடியும்போது இருவரும் தம்மிடம் இருந்ததைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். இதற்கு விளக்கம் சொல்லத் தெரிந்த மாணவருக்கு சி நூலகம் எங்கே முடிகிறது, கெர்னல் எங்கே தொடங்குகிறது என்பதும் தெரிந்துவிட்டது என்று கொள்ளலாம்.

த்ரெட் என்பது சிறிய பிராசஸா?

அப்படிச் சொல்லிக் கொடுப்பதுதான் பின்னால் குழப்பத்துக்குக் காரணமாகிறது. ஒரு பிராசஸுக்குள் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டு தனித்தனியாக ஓடும் செயல் ஓட்டங்கள்தான் த்ரெட்கள். பகிர்வுதான் அதன் பயன், அதுதான் அதன் தொல்லையும். ஒரு பொது எண்ணை இரண்டு த்ரெட்கள் ஆளுக்குப் பத்து லட்சம் முறை ஒன்றால் கூட்டட்டும். தொகுப்பானின் மேம்படுத்தல்கள் எதையும் போடாமல் ஓட்டுங்கள். விடை இருபது லட்சம் வரவேண்டும், பெரும்பாலும் வராது. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு எண் வரும். ஒன்றைக் கூட்டுவது என்பது படி, கூட்டு, எழுது என்ற மூன்று செயல்கள். ஒருவர் படித்துவிட்டு எழுதுவதற்குள் இன்னொருவர் அதே பழைய மதிப்பைப் படித்துவிட்டால் ஒரு கூட்டல் காணாமல் போகிறது. பூட்டு (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் பிடிக்கக்கூடியது), செமஃபோர் (எத்தனை பேர் நுழையலாம் என்று எண்ணி விடுவது) போன்ற ஏற்பாடுகள் எல்லாம் இந்த இடைவெளியை அடைப்பதற்காக வந்தவையே. செமஃபோரை வகுத்துத் தந்தவர் நெதர்லாந்தின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, 1960-களில்.

ஒரே சிபியுவில் பல நிரல்கள் ஒரே நேரத்தில் ஓடுவது எப்படி?

சிபியுவுக்குள் கட்டளைகளை நிறைவேற்றும் பகுதியான ஒரு கோரில் பொதுவாக ஒரு கணத்தில் ஒன்றுதான் ஓடுகிறது. கணினிக்குள் ஒரு கடிகாரம் விநாடிக்குப் பலமுறை (பல லினக்ஸ் கெர்னல்களில் 250 முறை) குறுக்கிடுகிறது. ஒவ்வொரு குறுக்கீட்டிலும் கட்டுப்பாடு கெர்னலிடம் வருகிறது. ஓடுவது தொடரட்டுமா, வேறொன்றுக்கு முறை தரலாமா என்று ஷெட்யூலர் முடிவு செய்கிறது. மாற்ற வேண்டுமென்றால் ஓடிக்கொண்டிருந்ததன் ரிஜிஸ்டர்களைச் சேமித்துவிட்டு அடுத்ததன் ரிஜிஸ்டர்களை ஏற்றுகிறது. நிரலுக்குத் தான் நிறுத்தப்பட்டதே தெரியாது. அமெரிக்காவின் எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு 1961-இல் சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பில் இந்த நேரப் பங்கீட்டைச் செய்து காட்டியது.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு நானோவிநாடியை ஒரு விநாடியாக நீட்டிப் பார்த்தால், ரேமிலிருந்து ஒரு தரவை எடுக்க ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் ஆகும்; எஸ்எஸ்டியிலிருந்து எடுக்க ஒரு நாளுக்கு மேல்; சுழலும் ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுக்க ஏறக்குறைய நான்கு மாதம். நான்கு மாதம் சிபியு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. எனவே வட்டுக்காகக் காத்திருக்கும் பிராசஸைத் தூங்க வைத்துவிட்டு வேறொன்றை ஓட்டுகிறார்கள். டாப் கட்டளையில் நூற்றுக்கணக்கான பிராசஸ்களைப் பார்த்து மிரள வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை எதற்கோ காத்துத் தூங்கிக்கொண்டிருப்பவை.

பாடநூலில் வரும் முதலில் வந்தவர்க்கு முதலில், குறுகிய வேலைக்கு முதலில், சுழல்முறை ஆகிய ஷெட்யூலிங் முறைகளுக்குக் கட்டம் போட்டுக் கணக்குப் பார்ப்பது தேர்வுக்கு வேண்டும்தான். ஆனால் லினக்ஸ் 2007 முதல் பயன்படுத்திய சிஎஃப்எஸ் முறை இதுவரை யார் குறைவாக ஓடினாரோ அவருக்கே அடுத்த முறை என்ற எளிய எண்ணத்தில் அமைந்தது. 2023-இல் வந்த 6.6 பதிப்பில் அதன் இடத்துக்கு ஈஈவிடிஎஃப் என்ற முறை வந்தது. முன்னுரிமையைத் தவறாகக் கையாண்டால் என்ன நேரும் என்பதற்கு 1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் நல்ல எடுத்துக்காட்டு. முன்னுரிமை குறைந்த ஒரு பணி ஒரு பூட்டைப் பிடித்திருக்க, முன்னுரிமை மிகுந்த பணி அதற்காகக் காத்திருக்க, இரண்டுக்கும் இடைப்பட்ட பணி சிபியுவைப் பிடித்துக்கொண்டதால் விண்கலத்தின் கணினி மீண்டும் மீண்டும் தானே மறுதொடக்கம் செய்துகொண்டது. பூட்டைப் பிடித்திருப்பவருக்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகத் தரும் வசதி அந்த இயங்குதளத்தில் ஏற்கெனவே இருந்தது. அணைத்து வைக்கப்பட்டிருந்த அதைப் பூமியிலிருந்தே இயக்கிச் சரிசெய்தார்கள்.

மெய்நிகர் நினைவகம் ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது?

பெயர்தான் பயமுறுத்துகிறது. ஒரு சோதனையிலிருந்து தொடங்குங்கள். ஒரு மாறியில் 5 என்று வையுங்கள், ஃபோர்க் செய்யுங்கள், பிள்ளையில் மட்டும் அதை 9 ஆக மாற்றுங்கள், பிறகு இரு பிராசஸ்களிலும் அந்த மாறியின் முகவரியையும் மதிப்பையும் அச்சிடுங்கள். முகவரி இரண்டிலும் ஒன்றே. மதிப்பு ஒன்றில் 5, மற்றொன்றில் 9. ஒரே கதவு எண், உள்ளே போனால் இரண்டு வெவ்வேறு வீடுகள்.

நிரல் பார்ப்பது உண்மையான ரேம் முகவரி அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அந்தப் போலி முகவரியை உண்மை முகவரியாக மாற்றுவது சிபியுவுக்குள் இருக்கும் எம்எம்யு என்ற பகுதி. எதை எதற்கு மாற்ற வேண்டும் என்ற பட்டியலை எழுதித் தருவது கெர்னல். ஒவ்வொரு பிராசஸுக்கும் ஒரு பட்டியல். பைட்டு பைட்டாகப் பட்டியலிட்டால் கட்டுப்படியாகாது என்பதால் 4096 பைட்டு கொண்ட பக்கங்களாகப் பிரிக்கிறார்கள். இந்த எண்ணத்தை முதலில் செயல்படுத்திய கணினி மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அட்லஸ், 1962-இல்.

அப்படியும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. இன்றைய 64-பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் பொதுவாக முகவரிக்கு 48 பிட்டுகள் பயன்படுகின்றன. அவற்றில் 12 பிட்டுகள் பக்கத்துக்குள் இருக்கும் இடத்தைக் குறிக்க, மீதி 36 பிட்டுகள் பக்க எண்ணைக் குறிக்கின்றன. ஒரே நீண்ட பட்டியலாக வைத்தால் ஏறக்குறைய 6,870 கோடிப் பதிவுகள். பதிவுக்கு 8 பைட்டு வீதம் 512 ஜிபி, அதுவும் ஒரே ஒரு பிராசஸுக்கு! ஆகவே 36-ஐ 9, 9, 9, 9 என்று நான்கு படிகளாக உடைத்து, பயன்படுத்தப்படாத கிளைகளுக்குப் பட்டியலே எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். ‘பல்நிலைப் பக்க அட்டவணை’ என்று மனப்பாடம் செய்வதைவிட இந்தப் பெருக்கலை ஒரு முறை தாளில் போட்டுப் பார்ப்பது நல்லது.

பட்டியலில் இல்லாத பக்கத்தைத் தொட்டால் சிபியு கெர்னலை அழைக்கிறது. அதுதான் பேஜ் ஃபால்ட். பெயரில் ‘தவறு’ இருந்தாலும் பெரும்பாலும் அது தவறே இல்லை. கேட்கும்போது கொடுக்கலாம் என்று கெர்னல் ஒத்திவைத்ததைக் கேட்கும் குரல்தான் அது. தொடவே கூடாத இடத்தைத் தொட்டால் மட்டும் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்ற செய்தியுடன் பிராசஸ் முடிக்கப்படுகிறது.

ஒன்றுமே ஓடவில்லை, ஆனாலும் ரேம் நிரம்பியிருக்கிறதே?

ஃப்ரீ என்ற கட்டளையைக் கொடுத்துவிட்டு ‘ஃப்ரீ’ என்ற நெடுவரிசையைப் பார்த்துப் பதறுபவர்கள் கேட்பது இது. பார்க்க வேண்டியது ‘அவைலபிள்’ என்ற நெடுவரிசையை. சும்மா கிடக்கும் ரேமால் யாருக்கும் பயனில்லை என்பதால், வட்டிலிருந்து படித்தவற்றைக் கெர்னல் அங்கே வைத்துக்கொள்கிறது. வேறு நிரலுக்கு இடம் வேண்டுமென்றால் உடனே காலி செய்து கொடுக்கும். நீங்கள் எழுதுவதும் முதலில் இந்தத் தேக்கத்துக்குத்தான் போகிறது, வட்டுக்கு அல்ல. பென் டிரைவைச் சட்டென்று பிடுங்கினாலோ கரண்ட் போனாலோ ‘சேமித்துவிட்டேனே’ என்று நினைத்த கோப்பு பாதியாக நிற்பதற்குக் காரணம் இதுவே. இப்போதே வட்டில் எழுது என்று வற்புறுத்தும் சிஸ்டம் கால் எஃப்சிங்க்.

கோப்பு என்பது பெயரா, தரவா?

இரண்டும் வேறு என்பதுதான் யூனிக்ஸின் அழகான முடிவுகளில் ஒன்று. கோப்பின் அளவு, உரிமையாளர், தரவு இருக்கும் இடம் ஆகியவை ஐநோட் என்ற பதிவில் இருக்கின்றன. பெயர் அதில் இல்லை. கோப்பகம் என்பது பெயரையும் ஐநோட் எண்ணையும் இணைக்கும் பட்டியல் மட்டுமே. எல்எஸ் கட்டளையோடு சிறுகோடு ஐ சேர்த்துக் கொடுத்தால் அந்த எண்களைப் பார்க்கலாம். ஒரே ஐநோடுக்கு இரண்டு பெயர்கள் இருக்கலாம். ஒரு பெயரை நீக்குவது என்பது பட்டியலில் ஒரு வரியை அடிப்பதுதான். எல்லாப் பெயர்களும் போய், அதைத் திறந்து வைத்திருக்கும் பிராசஸ்களும் மூடிய பிறகே இடம் விடுபடும்.

இது வெறும் ஏட்டறிவு அல்ல. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் சர்வரின் வட்டு நிரம்பிவிட்டது என்று நள்ளிரவில் அழைப்பு வந்தது. பெரிய பதிவுக் கோப்பு ஒன்றை ஆர்எம் கொடுத்து அழித்தேன். கோப்புகளின் அளவைக் கூட்டிச் சொல்லும் டியு கட்டளை இடம் இருக்கிறது என்றது. வட்டில் மிஞ்சியிருக்கும் இடத்தைச் சொல்லும் டிஎஃப் கட்டளை இல்லை என்றது. ஒரு மணி நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையைக் கொடுத்தபோதுதான், நான் அழித்த கோப்பை ஒரு சேவை இன்னும் திறந்து வைத்து எழுதிக்கொண்டே இருப்பது தெரிந்தது. பெயர் போய்விட்டது, ஐநோட் உயிரோடு இருந்தது. சேவையை மறுதொடக்கம் செய்ததும் இடம் விடுபட்டது. ஐநோட் பற்றிக் கல்லூரியில் இரண்டு மதிப்பெண் வினாவுக்கு எழுதியது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா?

வைக்கலாம். லினக்ஸ் கெர்னலுக்குப் பெயர் என்பது பைட்டுகளின் வரிசை. சாய்கோடும் சுழிய பைட்டும் மட்டுமே கூடாது. ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் பெயருக்கு 255 பைட்டு எல்லை. தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட்டு ஆவதால் 85 குறியீடுகளுக்கு மேல் போகாது. புள்ளியும் கொம்பும் காலும் தனிக் குறியீடுகளாக எண்ணப்படும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. ‘கோ’ என்பதை ஓகாரக் குறியீடு ஒன்றால் எழுதலாம். ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியாக இட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கெர்னலுக்கு இரண்டும் வெவ்வேறு பைட்டுகள் என்பதால், ஒரே கோப்பகத்தில் பார்வைக்கு ஒரே பெயருடைய இரண்டு கோப்புகள் உட்கார்ந்திருக்கும்!

டெட்லாக், வங்கியாளர் அல்காரிதம் ஆகியவற்றுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

டெட்லாக் எப்படி உண்டாகிறது என்பதற்கு நிறைய. டெட்லாக் நேராதபடி பார்த்து வளங்களை ஒதுக்கும் வங்கியாளர் அல்காரிதத்துக்குத் தேர்வு கேட்கும் அளவு மட்டும். இரண்டு த்ரெட்கள் இரண்டு பூட்டுகளை எதிரெதிர் வரிசையில் பிடித்தால் இருவரும் நிரந்தரமாக நிற்பார்கள். எப்போதும் ஒரே வரிசையில் பிடிப்பது என்று முடிவு செய்தால் பெரும்பாலான சிக்கல் தீரும். ஒவ்வொரு பிராசஸும் தனக்கு அதிகபட்சம் என்ன வேண்டுமென்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்ற வங்கியாளர் அல்காரிதத்தின் நிபந்தனை நாம் அன்றாடம் பயன்படுத்தும் கணினிகளுக்குப் பொருந்துவதில்லை.

வரலாறு படிக்க வேண்டுமா?

கொஞ்சம். 1969-இல் பெல் ஆய்வகம் மல்டிக்ஸ் என்ற பெருந்திட்டத்திலிருந்து விலகிய பிறகு, கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் ஒரு பழைய பிடிபி-7 கணினியில் யூனிக்ஸைத் தொடங்கினார்கள். 1973-இல் அதை சி மொழியில் மாற்றி எழுதினார்கள். வேறு கணினிகளுக்கு அதைக் கொண்டுபோக முடிந்தது அதனால்தான். ஆண்ட்ரூ டனன்பாம் கற்பிப்பதற்காக 1987-இல் வெளியிட்ட மினிக்ஸ் என்ற சிறு இயங்குதளத்தைப் பயன்படுத்திக்கொண்டிருந்த ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 1991-இல் லினக்ஸை அறிவித்தார். முதல் பதிப்பு ஏறக்குறைய பத்தாயிரம் வரிகள். இன்றைய லினக்ஸ் மூன்று கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. எல்லாவற்றையும் ஒரே கெர்னலில் வைப்பதா, சிறு கெர்னலை மட்டும் வைத்து மீதியைப் பயனர் நிலைக்குத் தள்ளுவதா என்று டனன்பாமும் டோர்வால்ட்ஸும் 1992-இல் மோதிக்கொண்டது புகழ்பெற்ற சண்டை. கிரவுட்ஸ்ட்ரைக் விவகாரத்தை நினைத்தால் அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

கெர்னலின் மூலநிரலைப் படிக்க விரும்புகிறேன். லினக்ஸிலிருந்து தொடங்கலாமா?

வேண்டாம். மூன்று கோடி வரிகளுக்குள் வழி தவறிவிடுவீர்கள். எம்ஐடி 2006-இல் தன் மாணவர்களுக்காக எழுதிய எக்ஸ்வி6 இருக்கிறது. 1975-இன் ஆறாம் பதிப்பு யூனிக்ஸை இன்றைய சியில் மீண்டும் எழுதியது அது, பத்தாயிரம் வரிகளுக்குள் அடங்கும். அதிகபட்சம் 64 பிராசஸ்கள்தான் தாங்கும். அதற்கு நெட்வொர்க் தெரியாது, சாளரங்கள் தெரியாது. அதுதான் அதன் சிறப்பு. இணையவழிப் பாடத் தளமான என்பிடெல்லில் சென்னை ஐஐடி வழங்கும் அறிமுகப் பாடமும் எக்ஸ்வி6-ஐ வைத்தே நடத்தப்படுகிறது. இதுவரை சொன்ன சோதனைகளை நீங்களே செய்து பார்த்த பிறகு அதைத் திறங்கள். மாலை நேரங்களில் மட்டும் உட்கார்ந்தாலும் மூன்று மாதத்தில் முக்கியமான பகுதிகளைப் படித்துவிடலாம்.

முதல் பயிற்சியாக நீங்களே ஒரு சிஸ்டம் கால் சேர்த்துப் பாருங்கள், எத்தனை பிராசஸ்கள் ஓடுகின்றன என்று எண்ணிச் சொல்லும் ஒன்றை. ரிஸ்க்-வி என்ற சிபியு வகைக்கான எக்ஸ்வி6 பதிப்பில் 1 முதல் 21 வரை எண்கள் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டதால் உங்களுடையது 22. கெர்னல் பக்கம் எண்ணை அறிவிக்க வேண்டும், அழைப்பு அட்டவணையில் ஒரு வரி சேர்க்க வேண்டும், வேலையைச் செய்யும் சார்பை (ஃபங்ஷன்) எழுத வேண்டும். பயனர் பக்கம் அறிவிப்பு ஒன்றும், கதவைத் தட்டும் சிறு அசெம்பிளித் துண்டை உருவாக்கும் பட்டியலில் ஒரு வரியும் வேண்டும். முடித்து, ஓடுகிறது என்று உறுதிசெய்த பிறகு, அழைப்பு அட்டவணையில் சேர்த்த வரியை மட்டும் வேண்டுமென்றே நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். தொகுப்பு எந்தப் புகாரும் இல்லாமல் முடியும். நிரல் கதவைத் தட்டும். 22 என்ற சிஸ்டம் காலைத் தனக்குத் தெரியாது என்று, தட்டிய பிராசஸின் எண்ணையும் பெயரையும் சேர்த்துக் கெர்னல் திரையில் எழுதும்.